விலக்கியவற்றின் பட்டியல்

முறைசார் இலக்கிய மீளாய்வு என்பதில் வரும் 'இலக்கியம்' நாம் வழக்கமாகப் பேசும் இலக்கியம் அன்று. ஒரு பொருள் குறித்து வெளிவந்த ஆய்வுக்கட்டுரைகளை, முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடி, சலித்து, எஞ்சியவற்றைத் தொகுத்து மதிப்பிடும் வேலை அது. கிருமாம்பாக்கம் போய்வரும் வழியெல்லாம் கடைப்பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் படித்து வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, விளம்பர வாசகங்களைப் பற்றிய மீளாய்வொன்றில் சேர்ந்து, சில மாதங்களாகப் பனித்திட்டு வீட்டிலிருந்தபடியே கட்டுரைகளைச் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்துக் கொள்வதா தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டும். தேறியவற்றைப் பிறகு முழுமையாகப் படிக்க வேண்டும். இருவர் தனித்தனியே படித்து, மாறுபடும் இடங்களில் பேசித் தீர்ப்பது வழக்கம். 'ஸ்லோகன்' என்ற சொல்லின் வேர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் போர்முழக்கத்தைக் குறித்தது. தேடும்போது சோப்போடும் குளிர்பானத்தோடும் தேர்தல் முழக்கங்களும் வந்து விழுகின்றன. அவற்றைத் தள்ளுவதில் தயக்கமில்லை. 'நாமிருவர் நமக்கிருவர்' போன்றவைதான் என்னை நிறுத்துகின்றன. சிவப்பு முக்கோணத்தோடு சுவர்களில் நின்ற அந்த வாசகத்தில் விற்பனைப் பொருள் ஏதுமில்லை. 'வணிக விளம்பரம்' என்ற விதிக்குள் அது வராது. தமிழில் எழுதப்பட்ட ஆய்வென்றால், தரத்தைப் பார்ப்பதற்கு முன்பே 'ஆங்கிலம் மட்டும்' என்ற விதி அதை வாசலில் நிறுத்திவிடும். எல்லாவற்றையும் இருவரும் படித்தாக வேண்டும். உடன் படிப்பவருக்குத் தமிழ் தெரியாது. விதிக்குக் காரணம் அவ்வளவே.

விதி வைத்துத் தொகுப்பது நமக்குப் புதிதல்ல. 4 முதல் 8 அடி குறுந்தொகை. 9 முதல் 12 அடி நற்றிணை. 13 முதல் 31 அடி அகநானூறு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பெயர்கூடத் தெரிகிறது. அவர் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்த பாடல்கள் எவை என்பதற்குத்தான் பதிவில்லை.

2009இல் வெளியாகி 2021இல் புதுப்பிக்கப்பட்ட பிரிஸ்மா நெறிமுறை, முழுமையாகப் படித்துத் தள்ளிய கட்டுரைகளுக்குக் காரணம் கேட்கிறது. தலைப்பளவில் தள்ளியவற்றுக்கு எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கையோடு நிறுத்த எனக்கு மனமில்லை. விதியை நடுவழியில் விருப்பம்போல் மாற்றினால் மீளாய்வின் நேர்மை கெடும். ஆகவே, மொழி காரணமாக விலக்கியவற்றைப் பின்னிணைப்பில் ஒவ்வொன்றாகக் குறிப்பிடலாம் என்று அவரிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார். தரவுத்தளங்களில் ஏறாத தமிழ்க் கட்டுரைகளுக்கு இதனால் பயனில்லை. ஏறியவற்றையாவது நாளை ஒருவர் தேடிப் படிக்கலாம்.