லேத் பட்டறையில் கற்ற அமானிதம்

1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தபின், ஓசூரில் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. அவற்றுள் ஒன்றில்தான் நான் தொழில் பயின்றேன். உரிமையாளர் ஒரு கிறிஸ்தவர். ஞாயிறுதோறும் மனைவி மக்களுடன் ஆலயம் செல்பவர். எத்தனை அவசர வேலை வந்தாலும் அன்று பட்டறை திறவாது. லுஹர் பாங்கு கேட்டால், "தம்பி, தொழுதுவிட்டு வா" என்று என் இயந்திரத்தை அவரே நிறுத்துவார்.

ஒருமுறை நான் கடைந்த ஷாஃப்டுகள் அளவில் இம்மியளவு குறைந்தன. எவரும் அளந்து பார்க்கமாட்டார்கள் என்றெண்ணிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அவர் பெட்டியைப் பிரித்தார். "உங்கள் மார்க்கத்தில் இதை அமானிதம் என்பீர்கள் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். இரவெல்லாம் உடன் நின்று மீண்டும் கடைந்தார். என் கூலியில் ஒரு காசும் பிடிக்கவில்லை.

அவர் மறைந்தபோது, கல்லறைத் தோட்டம் வரை செல்லலாமா எனத் தயங்கினேன். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது, அவரும் ஓர் உயிர்தானே என்று நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. சென்றேன். அவர்களது வழிபாட்டில் சேராமல் ஓரமாக நின்றேன். பின்னர் அவருடைய மகனின் கையைப் பற்றிக்கொண்டேன்.

அவர் தந்த மைக்ரோமீட்டர் இன்றும் என் மேசையில் உள்ளது. அதை எடுக்கும்போதெல்லாம், அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் நெஞ்சில் எழுகிறது. அளவில் நேர்மையாளர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!