வில்லங்கச் சான்றில் வராத பங்கு

வீடு வாங்கப் போகிறோம் என்று ஆலோசனை கேட்டு வரும் பங்கு மக்களிடம் நான் தவறாமல் வினவுவது ஒன்றுண்டு: "விற்பவருக்குச் சகோதரிகள் உண்டா? அவர்களும் கையெழுத்திடுகிறார்களா?" "வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம், சாமி" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அன்பர்களே! வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். உயில் எழுதாமல் இறந்த தந்தையின் வீட்டில் மகளுக்குள்ள பங்கு அதில் வராது. எனினும் அது உரிமையே. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் இச்சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. "சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்னும் வாதம் சட்டத்தின்முன் நில்லாது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில், தங்கையைக் கேளாமல் அண்ணன் வீட்டை விற்றார். அன்றுமுதல் தங்கை அவர் வாசலை மிதித்ததில்லை. வாங்கியவரோ நீதிமன்றத்துக்கு அலைகிறார்.

ஆகவே வாங்குவோர் மூலப் பத்திரத்தோடு வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். அதிலுள்ள அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடட்டும். சகோதரி மனமுவந்து பங்கு வேண்டாமென்றால், வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அவர் பங்கைக் கேட்டால், முகம் சுளிக்காது கொடுத்துவிடுங்கள்.

ஒரு கையெழுத்துக்காகச் சில வாரங்கள் காத்திருப்பது, உடன்பிறப்பை வாழ்நாளெல்லாம் இழப்பதைவிட எளிதன்றோ?