குழாயிற் கண்ட எண்

பொன்னின் மாற்றறியத் தட்டார் உரைகல்லை நாடுவர். சேதனச் சேர்வையொன்றின் தூய்மையை அறிய விரும்பும் இரசாயன மாணவரோ அதன் உருகுநிலையை நாடுவர். தூய சேர்வை தனக்குரிய வெப்பநிலையில், ஏறக்குறைய ஒரு பாகை எல்லைக்குள் உருகிவிடும். மாசு கலந்ததோ முன்னதாகவே இளகத் தொடங்கி, பல பாகைகள் கடந்தே முற்றாகத் திரவமாகும். கொழுப்புகளைப் பற்றி 1823 இல் பெருநூலொன்றை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல், உருகுநிலை மாறாதிருத்தலைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டார். இவையெல்லாம் நாம் ஏட்டிற் படித்தவை. நெஞ்சிற் பதிந்த வரலாறு வேறு.

அப்பொழுது நாம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். ஆய்வுகூடத்தில் இருவருக்கு ஒரு மேசை. மாசு கலந்த பென்சோயிக்கமிலத்தைக் கொதிநீரிற் கரைத்து, சூட்டோடு வடித்து, ஆறவிட்டுப் பளிங்காக்கி, அதன் உருகுநிலையைக் காண்பதே அன்றைய வேலை. வெண்ணிறப் பளிங்குகள் மினுங்கக் கண்டதும் எமக்கு மனம் பூரித்தது. அந்த அவசரத்தில் அவற்றைக் கழுவவும் இல்லை. நன்கு உலர்த்தவும் இல்லை. அவற்றைப் பொடியாக்கி, ஒருமுனை மூடிய மயிர்த்துளைக் குழாயினுள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்குத் தட்டி இறக்கினோம். குழாயை வெப்பமானியோடு இறப்பர் வளையத்தாற் பிணைத்துத் திரவப் பரபினில் அமிழ்த்திச் சூடாக்கினோம்.

114 பாகை சதமளவையிலேயே பொடி இளகத் தொடங்கிற்று. 119 இலேதான் முற்றாகத் தெளிந்தது. புத்தகமோ 122 பாகை என்றது. மணி நான்கை அணுகிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். பின்னர் குறிப்பேட்டில் "121 – 122" என்று அழகாக எழுதினோம்.

ஆசிரியர் வந்து ஏட்டை நோக்கினார். கண்ணாடித் தட்டில் எஞ்சியிருந்த பளிங்குகளைச் சிறு கரண்டியாற் கிளறினார். அவை உதிராமல் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தன.

"தம்பிமார், இந்த எண்ணைக் குழாயிலே கண்டீர்களோ, புத்தகத்திலே கண்டீர்களோ?"

எமக்கு நா எழவில்லை. அவர் சினக்கவும் இல்லை.

"குழாய் பிழை சொல்லவில்லை. பொருள் இன்னும் தூய்மையாகவில்லை என்று உள்ளபடியே சொல்லியது. நீங்கள்தான் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள். இது ஒரு மருந்தாக இருந்தால்?"

அக்கேள்வி எம்மைச் சுட்டது. காய்ச்சலுக்கு வீட்டிலே எடுத்துக்கொள்ளும் பரசிற்றமோலுக்கும் உருகுநிலை உண்டு. அது 169 பாகை அளவில் உருகும். மருந்துப்பொருள்களைச் சோதிக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று. அங்கே ஒருவர் குழாயைப் பாராமல் புத்தகத்தைப் பார்த்து எழுதினால், அவ்வெண்ணை நம்பி மருந்தை உட்கொள்பவர் எங்கோ ஒரு வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் குழந்தையாகவும் இருக்கலாம்.

மறுநாள் பளிங்குகளை மீண்டும் கொதிநீரிற் கரைத்துப் பளிங்காக்கினோம். குளிர்நீராற் கழுவி, நன்றாக உலரவிட்டோம். இம்முறை 110 பாகையைக் கடந்ததும் சுடரைத் தணித்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பாகைக்கு மேல் ஏறாதபடி காத்திருந்தோம். 114 வந்தது, பொடி அசையவில்லை. 119 வந்தது, அசையவில்லை. 121 இல் ஓரத்தில் ஒரு துளி தோன்றிற்று. 122 இல் எல்லாம் தெளிந்த நீர்போலாயிற்று. முதல்நாள் திருடி எழுதிய அதே எண்தான். ஆனால் இன்று அது எமக்கு உரியதாயிற்று.

பழைய எண்ணை அழித்துவிடலாமா என்று ஆசிரியரைக் கேட்டோம். "அழிக்க வேண்டாம். ஒரு கோட்டால் வெட்டி, அருகில் உண்மையாகக் கண்டதை எழுதுங்கள்" என்றார். வெட்டிய "121 – 122", அதன் பக்கத்தில் "114 – 119", அடுத்த பக்கத்தில் மறுநாட் கண்ட எண் என மூன்றும் அந்த ஏட்டில் உள்ளன. அதை நாம் இன்றும் வைத்திருக்கிறோம். ஆய்வுகூடத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு அதையே நாம் எடுத்துக்காட்டுவோம்.