பேச்சிப்பாறையில் தொடங்கலாம் உங்கள் முதல் உலகப் பயணம்!

நாகர்கோவிலில் இருந்து சுமார் 43 கி.மீ. தக்கலை, குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போனால் பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே இங்குள்ள அணை, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர். கடல் கடந்து வந்தவரின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.

'அவர் வந்தார், சரி. நாம் தனியாக வெளிநாடு போக முடியுமா?' வீட்டில் கேட்டால், "தனியாவா?" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

அந்தத் தயக்கத்தை உடைக்க நல்ல துணை, கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக 1937-க்குப் பிறகு சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார். 'உலகம் சுற்றும் தமிழன்' அவர் எழுதிய பயண நூல். பெருமை பேசாமல், பார்த்ததை எளிய தமிழில் சொன்னார். அதனால்தான் படிப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. 'நாமும் போகலாமே' என்று தோன்றுகிறது.

பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி, வழி கேட்டு, பேச்சிப்பாறை போய் வாருங்கள். தெரியாத ஊரில் தயங்காமல் வழி கேட்கப் பழகிவிட்டால், பாதிப் பயம் போய்விடும்!