பாசறைத் துவாலை

மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினர் பண்டைத் தமிழர். கண்ணில் சீழ் வடியப் பாசறையில் கிடந்து பார்வையிழந்த வீரனுக்குப் புகழ்ச்சொல் எதுவும் வாய்க்கவில்லை. அத்தகையோர் தொகையோ சிறிதன்று.

1798ஆம் ஆண்டு நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கிற்று. விரைவிலேயே வீரர்களின் கண்கள் சிவந்து வீங்கின. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மணற்புழுதியுமே காரணம் என்றனர் மருத்துவர். பேர்பெற்ற அறுவை மருத்துவர் லாரேயும் தட்பவெப்பத்தையே பழித்தார். பிரெஞ்சுப் படையை வெளியேற்ற 1801இல் சென்ற ஆங்கிலேயரையும் அந்நோய் பற்றியது. வெயிலே காரணமாயின், கப்பலேறித் தாயகம் திரும்பியதும் அது தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? தீரவில்லை. குளிர்மிகுந்த இங்கிலாந்தின் பாசறைகளிலும் பரவிற்று.

அங்கே 52ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தில் ஜான் வெட்ச் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அவர் எழுதிவைத்த கணக்கு நெஞ்சை உலுக்குவது. 700 பேருக்குச் சற்று மிகுந்த அப்பட்டாளத்தில், 1805 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்குள், மீண்டும் நோயுற்றோரையும் சேர்த்து 636 முறை மருத்துவமனைச் சேர்க்கை நிகழ்ந்தது. இரு கண்களையும் இழந்தோர் 50 பேர். ஒரு கண்ணை இழந்தோர் 40 பேர். போர்க்களத்தை மிதியாமலே இத்துணை இழப்பு! காற்றன்று, நோயுற்ற கண்ணின் சீழே நலமுள்ள கண்ணைச் சேர்ந்து நோயை விளைவிக்கிறது என்று வெட்ச் துணிந்தார். ஒரே தொட்டி நீரில் முகங் கழுவி ஒரே துவாலையில் துடைத்துக்கொள்வோர்க்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்? ஆயினும் நோயாளியின் குருதியைப் பெருமளவில் வடிப்பதே நன்மருந்து என்றும் அவர் நம்பினார். நோயின் வழியை அறிந்தவர்க்கும் அதன் மருந்து அகப்படவில்லை.

இலண்டனில் இன்றும் புகழுடன் விளங்கும் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் தோன்றியதற்கு, எகிப்திலிருந்து திரும்பிய வீரர்களின் துயரமும் ஒரு காரணம். அக்காலத்தார் ஒரே பெயரால் அழைத்த அந்நோயில் டிரக்கோமாவும் வேறு சில கண்ணழற்சிகளும் கலந்திருந்தன என்பது பின்னாளில் விளங்கிற்று. டிரக்கோமாக் கிருமியின் தடயத்தை 1907இல் அறிஞர் இருவர் கண்டது, நமக்கு அண்மையிலுள்ள சாவகத் தீவில், உராங் ஊத்தான் குரங்குகளின் கண்களைச் சோதித்தபோது.

அதற்கு நெடுநாள் முன்னரே பெல்ஜியப் படையும் இந்நோயால் தவித்தது. 1834இல் பெர்லினிலிருந்து யுங்கென் என்னும் பேராசிரியரை அழைத்து அறிவுரை கேட்டனர். நோயுற்ற வீரர்களை அவரவர் இல்லத்திற்கு அனுப்பிவிடுக என்றார் அவர். பாசறையின் நெரிசல் குறையும் என்பது அவர் எண்ணம் போலும்! அவ்வாறே அனுப்பினர். சிவந்த கண்களோடு ஊர் திரும்பிய மகனைத் தாய் தழுவி வரவேற்றாள். வீட்டுத் துவாலையை எடுத்துக் கொடுத்தாள். பாசறைக்குள் இருந்த நோய் பெல்ஜிய நாட்டுச் சிற்றூர்களில் குடியேறிற்று.