ரஹீம் சேரின் இடதுகால் பாடம்

'மைதான்' படம் 2024இல வந்த பிறகுதான் எங்கட ஊர்ப் பொடியன்மார் பலருக்கு செய்யது அப்துல் ரஹீம் என்ற பெயர் தெரியவந்தது. படத்தில அஜய் தேவ்கன் நல்லாத்தான் நடிச்சிருக்கார். ஆனா எனக்குப் பிடிச்ச ரஹீம், அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால நிற்கிற பள்ளிக்கூட வாத்தியார்.

1909இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்கு ஆடினார், பள்ளியில் படிப்பித்தார். 1950இல் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணியைக் கையில் எடுத்தார். 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கிண்ணங்கள் அந்த அணிக்குத்தான்.

எப்படி? அவர் நடத்தின உள்ளூர்ப் போட்டிகளைப் பாருங்க. ஒன்றில் பலவீனமான காலால மட்டும்தான் அடிக்கலாம். இன்னொன்றில் பந்தை வெட்டிக்கொண்டு ஓட ஏலாது, பாஸ்தான் குடுக்கணும். நானும் வலதுகால்காரன். "இடதையும் பாவிடா" என்று கிரவுண்டுக்கு வெளியில நின்று கத்தினவங்க எத்தனையோ பேர். கத்தினால் கால் பழகாது. விளையாட்டின் சட்டத்தையே மாற்றினால் கால் தானாகப் பழகும். ரஹீமுக்கு அது தெரிந்திருந்தது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நாலு வருஷம் கழித்து மெல்போர்னில் அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் மெச்சில் 2-0 என்று தோற்கடித்த அதே தென்கொரியாதான் இறுதியிலும். தலையில் தையலோடு இருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் போட்டார். ஜர்னைல் கோலும் அடித்தார். 2-1, தங்கம்.

அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூனில் மௌத்தானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கமே இல்லை.

இந்த இடத்தில எனக்குக் கல்முனை சந்தாங்கேணி மைதானம்தான் ஞாபகம் வருது. பத்து வருஷம் நல்லா ஆடின காக்காமார் கல்யாணம், கடை, கட்டார் என்று போயிடுறாங்க. கிண்ணத்தோட எடுத்த போட்டோவை நாம பிரேம் போட்டு மாட்டுறோம். அவங்க காலுக்குத் தெரிந்த வித்தையைக் கேட்டு வாங்க ஆளில்லை. அடுத்த செட் திரும்ப முதலிலிருந்து தொடங்குது.

பெரிய அகடமி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாற பெருநாளைக்கு ஒரு இடதுகால் போட்டி வைப்போம். ஓய்ந்துபோன ஒரு காக்காவைக் கூப்பிட்டு நடத்தச் சொல்லுவோம். பரிசுக்கு ஒரு சேவல் காணும்.