அலைமேல் கண்ட அதபு



மருங்காபுரி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பாடநூலில் படித்த ஒன்று. கிணற்றில் ஊறுவதும், மழை பெய்தால் குளத்தில் நிற்பதுமே நாங்கள் அறிந்த நீர். அந்த நீரின் பொருட்டு நான் செய்த தவறு ஒன்றைக் கடலோரத்தில் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

எங்கள் அத்தா வஃபாத்தான பின் நிலம் இரண்டாகப் பிரிந்தது. கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் என் முறை. மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். மழை பொய்த்த ஓர் ஆண்டில், அண்ணனின் முறை நாளன்று அவர் உறவினர் ஒருவரின் ஜனாஸாவுக்குச் சென்றிருந்தார். மின்சாரம் வந்தது, அவர் வரவில்லை. நான் மோட்டாரைப் போட்டு என் வயலுக்குப் பாய்ச்சிவிட்டேன். இரவில் அவர் திரும்பியபோது கிணற்றில் சேறுதான் இருந்தது. அவருடைய கடலைப் பயிர் காய்ந்தது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி” என்றார்.

“நீங்கள் வரவில்லையே” என்றேன்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக எங்களுக்குள் பேச்சில்லை. ஒரே பள்ளிவாசலில் தொழுதோம். வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறினோம்.

என் மகன் சென்னையில் படிக்கிறான். விடுமுறை நாள்களில் கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகுவதாகச் சொன்னதால் பார்க்கச் சென்றேன். ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவால் நம் சமுதாயத்தார் நன்கறிந்த ஊர் அது. அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, மீனவர் பிள்ளைகள் பலரை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தது. 2013இல் அங்கு அலைச்சறுக்கு விழாவும் தொடங்கியது.

கரையில் அமர்ந்திருந்த என்னிடம் மகன் அந்த விளையாட்டின் ஒழுங்குகளைச் சொன்னான். அலை எந்த இடத்தில் முதலில் உடையத் தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் பின்வாங்க வேண்டும். காத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முந்திய இடத்தைப் பிடிப்பது இழிவு. கடலுக்குள் செல்பவர், அலைமேல் வருபவரின் பாதையை மறிக்கக் கூடாது. நுரை தன் முகத்தில் அறைந்தாலும் ஒதுங்கித்தான் செல்ல வேண்டும். பலகையைக் கைவிடக் கூடாது. அது பின்னால் இருப்பவரைக் காயப்படுத்தும்.

“மீறினால் யார் தண்டிப்பார்கள்?” என்று கேட்டேன்.

“போட்டியென்றால் நடுவர் இருப்பார், அத்தா. இங்கே யாருமில்லை” என்றான்.

சற்று நேரத்தில் அவனே தவறினான். நல்ல அலை ஒன்று எழுந்தது. அதன்மேல் ஓர் இளைஞர் ஏற்கெனவே நின்றுவிட்டார். மகன் பாராமல் அவருக்குக் குறுக்கே எழுந்தான். மோதலைத் தவிர்க்க அவர் பலகையிலிருந்து தாமே நீரில் விழுந்தார். மகன் உடனே சறுக்குவதை நிறுத்தி, கையை உயர்த்தி, அவரை நோக்கி நீந்திச் சென்றான். என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நல்ல அலை வந்தபோது, அருகில் இருந்தும் மகன் அதைத் தொடாமல், அவரைப் போகும்படி கைகாட்டினான்.

“நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே?” என்றேன், கரைக்கு வந்தவனிடம்.

“பார்க்க வேண்டியது என் கடமைதானே, அத்தா?”

அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஜும்ஆ நாளில் மக்களின் தோள்களைத் தாண்டிக்கொண்டு முன்னேறிய ஒருவரை உட்காரச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவர் மக்களுக்குத் துன்பம் தந்துவிட்டதாகவும் கூறினார்கள். அவையில் தம் இடத்தைவிட்டு எழுந்து சென்றவர் திரும்பி வந்தால், அந்த இடத்துக்கு அவரே உரியவர் என்றும் கற்பித்தார்கள். எத்தனையோ பயான்களில் கேட்டவை இவை. பள்ளிவாசலின் ஸஃப்புக்கு உரியவை என்று மட்டும் எண்ணியிருந்தேன். ஜனாஸாவுக்கு எழுந்து சென்ற என் அண்ணனின் இடம் கிணற்றடியில் காலியாக இருந்தது. நான் அதில் அமர்ந்துகொண்டேன்.

இரக்கம் என்றால் எடுத்துக் கொடுப்பது என்றே நினைக்கிறோம். பெரும்பாலான நாள்களில் அது, நீளும் கையை இழுத்துக்கொள்வதாகத்தான் இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில், தண்டிக்க எவரும் இல்லாத வேளையில், “இது என் முறையா?” என்று நம்மையே கேட்டுக்கொள்வது அது. நம் பிள்ளைகளுக்கு ஸதகா கொடுக்கக் கற்றுத்தருகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதனோடு, விட்டுக்கொடுக்கவும், தவறினால் உடனே கையுயர்த்தி ஒப்புக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும். என் வீட்டிலோ மகன்தான் எனக்குக் கற்றுத்தந்தான்.

ஊர் திரும்பிய அன்று அஸர் தொழுதுவிட்டுக் கிணற்றடிக்குச் சென்றேன். அண்ணன் அங்கிருந்தார்.

“அண்ணே, அன்றைய தண்ணீர் உங்களுடையது. மன்னித்துவிடுங்கள். என் அடுத்த இரண்டு முறைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒன்று போதும். குழாயில் கசிவு இருக்கிறது, வா, பார்ப்போம்” என்றார்.

காய்ந்த கடலை மீளவில்லை. அந்த இழப்பு என் கணக்கில்தான் இருக்கிறது. அன்று மஃரிபுக்கு இருவரும் ஒரே வாசல் வழியாகப் பள்ளிக்குள் சென்றோம். பிறர் உரிமையைப் பேணும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.